நாத்தனார் சொன்ன மழை

மழை வரும் என்று யார் சொன்னாலும், சொல்கிற ஆளுக்கு அதில் என்ன லாபம் என்றுதான் முதலில் பார்ப்பேன். என் சுபாவம் அப்படி. உத்திரமேரூர் பஜாரில் உர மூட்டையோடு தார்ப்பாயும் விற்கிற கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். சித்திரை பிறந்தால் போதும், போனில் தினமும் ஸ்டேட்டஸ் வைப்பார். கருமேகம், மின்னல், கீழே கொட்டை எழுத்தில் ‘விவசாயிகள் கவனத்திற்கு’. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள். தார்ப்பாய் விற்கிறவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறதாம்?

டிவியில் சொல்கிற பெண்ணுக்குத் தார்ப்பாய்க் கடை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் பேச்சிலும் பிடி கிடைக்காது. ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும் என்பாள். அந்த ஓரிடம் எது, ஈரிடம் எது? எங்கள் தெரு அதில் சேர்த்தியா இல்லையா? பெய்தால் ‘சொன்னேனே’ என்று நிற்கலாம். பெய்யாவிட்டால் ‘உன் இடத்தைச் சொல்லவில்லையே’ என்று நழுவலாம். போதாததற்குப் போனில் மின்னல் எச்சரிக்கை என்று மெசேஜ் வேறு வரும். அதில் நீல எழுத்தில் என்னவோ இருக்கும். அதைத் தொட்டால் பேங்கில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று ஊரே பயமுறுத்தி வைத்திருக்கிறது. நான் அதன் கிட்டேயே போவதில்லை.

இத்தனை சந்தேகமும் நெல்லால் வந்தது. எங்களுக்கு இருப்பது ஏரிப் பாசனத்தில் ஒரு துண்டு நிலம். கோடையில் அறுக்கிற நவரைப் பட்டத்தில் விளைவதை விற்க மாட்டோம். வருஷம் முழுக்க எங்கள் வீட்டுச் சோறு அதுதான். மெஷின் அறுத்துத் தள்ளுகிற நெல் ஈரமாக இருக்கும். தார் ரோட்டில் பரப்பி நாலைந்து நல்ல வெயில் காட்டினால்தான் மூட்டை கட்ட முடியும். அதற்குள் ஒரு பெருமழை விழுந்தால் முளை கட்டிவிடும். பிறகு அதை மாட்டுக்குத்தான் வைக்க வேண்டும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், அறுப்பு நேரத்தில் பார்த்து நாக்பூர் பக்கம் எங்கேயாவது இருப்பார். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. பரப்பிய நெல்லைத் தனி ஆளாகப் பலகை போட்டுத் தள்ளி, குவித்து, மூட எனக்கு முழுசாக ஒரு மணி நேரம் வேண்டும். அக்கம்பக்கத்தில் கூப்பிட முடியாது. அவரவர் நெல்லும் அதே ரோட்டில்தான் கிடக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தை எனக்குத் தரக்கூடிய ஒரே ஆள் என் நாத்தனார்.

வீட்டுக்காரருக்கு அக்கா. மேற்கே பெருநகர் என்கிற ஊரைத் தாண்டி, செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கோடையில் எங்களுக்கு இடிமழை மேற்கே இருந்துதான் வரும். மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கம் மேகம் கட்டும், சாயங்காலம் இங்கே வந்து கொட்டும். அதனால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் மேற்கே ஒரு சொந்தக்காரர் உண்டு. மற்ற நாளில் மறந்துபோனாலும் அறுப்பு சமயத்தில் ‘சாப்டீங்களா, புள்ளைங்க எப்டி கீது’ என்று தேன் ஒழுக விசாரிப்பார்கள்.

என் கெட்ட காலம், எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் மகள் கல்யாணத்தில் மேடையில் போட்டோ எடுக்கும்போது அவளைக் கூப்பிடவில்லையாம். கூப்பிட்டேன். அவள் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தாள். அதற்கு நானா பொறுப்பு? அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் பொங்கலுக்கும் வரவில்லை. மழைக்கு மட்டும் போன் செய்வாள். எடுத்ததும், “மேகம் கட்டிக்கினு கீது. வாரிக்கோ.” நான் ‘ஆங்’ என்பதற்குள் வைத்துவிடுவாள்.

இந்த வருஷம் நெல்லைக் கொட்டிய மறுநாளே போன் வந்தது. “மய வருது, வாரிக்கோ.” விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். நல்ல கத்திரி வெயில். மூச்சு வாங்க வாங்கத் தள்ளிக் குவித்து, உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதாவை மேலே போட்டு, சுற்றிலும் செங்கல் வைத்துவிட்டு நிமிர்ந்தால் வானம் பளிச்சென்று இருக்கிறது. மேற்கே ஒரு பஞ்சுகூட இல்லை. எதிர்வீட்டுக்காரி தன் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே கேட்டாள்.

“இன்னாக்கா, உன் நெல்லுக்குக் குளுருதா? போர்த்தி வெச்சிக்கீற?”

தெருவே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனாருக்குப் போன் போட்டுப் போட்டு, நாலாவது தடவை கிடைத்ததும் கேட்டேன்.

“இங்க நாலு தூறல் போட்ச்சு. அப்பறம் காத்து தள்ளிக்கினு பூட்ச்சு,” என்றாள். “மேகத்த நான் இன்னா கவுறு போட்டா கட்டி வெச்சிக்கீறேன்?”

சொன்ன தோரணையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. போட்டோவுக்குப் பழி வாங்குகிறாள். நிழலில் உட்கார்ந்துகொண்டு, உச்சி வெயிலில் என்னை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறாள். நம்பினார் கெடுவதில்லை என்று சொன்னவர் யாரோ, நிச்சயம் ரோட்டில் நெல் காய வைத்தவர் இல்லை.

அதற்கப்புறம் வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசி நாள் காலையிலேயே காற்று நின்றுவிட்டது. செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நெல்லுக்குள் கால் வைத்தால் அடுப்புச் சாம்பலில் வைத்த மாதிரி இருந்தது. புடவை முதுகோடு ஒட்டி, கண்ணில் வேர்வை இறங்கி, யாரைப் பார்த்தாலும் சண்டை போடலாம் என்று தோன்றுகிற புழுக்கம். ஆனால் நெல்லுக்கு அது நல்ல வெயில். அன்றைக்கு ஒரு பொழுது தாங்கினால் மறுநாள் மூட்டை கட்டிவிடலாம்.

மத்தியானத்துக்கு மேல் போன் அடித்தது. நாத்தனார். நான் எடுக்கவில்லை. இன்னொரு தடவை நான் போர்த்திவிட்டுத் திருதிருவென்று முழிக்க வேண்டுமா? மேற்கே பார்த்தேன். அடிவானத்தில் வெள்ளையாக, புகை மாதிரி என்னவோ இருந்தது. கோடையில் தினமும் இருப்பதுதான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். அந்த நேரம் பார்த்துத் தார்ப்பாய்க் கடைக்காரர் பைக்கில் வந்தார். நின்றார். என் சாக்குப் படுதாவை ஒரு பார்வை பார்த்தார்.

“இன்னிக்கு நிச்சயம் கீதும்மா. இந்தப் படுதால்லாம் தாங்காது. கடையாண்ட வந்து ஒண்ணு எடுத்துக்கினு போ.”

அவ்வளவுதான். மனசின் ஓரத்தில் இருந்த துளி நம்பிக்கையும் போய்விட்டது. இவரும் அவளும் ஒரே வாயாகச் சொன்னால் அது எப்படி மழையாக இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தேன். திட்டுவதற்காகத்தான் எடுத்தேன்.

“இன்னா அண்ணி, நான் ஓடறதப் பாக்க உனக்கு அவ்ளோ ஆசையா?”

அவள் என்னவோ கத்தினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் குரலுக்கு மேலே, தகரத்தில் ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு இடி. அது போனில் கேட்டதா, நேரில் கேட்டதா என்று தெரியவில்லை. நாத்தனார் பொய் சொல்லுவாள். தகரம் சொல்லுமா? ஐயோ என்று பலகையை எடுத்தேன்.

பாதி தள்ளியிருப்பேன், வெயில் சட்டென்று அணைந்துவிட்டது. ஏரிக்கரைப் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு ஒரு குளிர்காற்று. நான் ஓடுவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி முதலில் சிரித்தாள். அப்புறம் மேற்கே திரும்பிப் பார்த்தாள். “அடி ஆத்தே” என்று அவளும் ஓடினாள். தெருவே ஓடியது. கூட்டுவதற்கு நேரமில்லை, ஓரத்தில் சிதறியதை அப்படியே விட்டுவிட்டேன். படுதாவைக் காற்று பிடுங்கியது. அதன் மேல் நானே விழுந்து படுத்துக்கொண்டு, ஒரு கையால் செங்கல்லை இழுத்து இழுத்து வைத்தேன். முதல் துளிகள் முதுகில் அறைந்தன.

அப்புறம் கொட்டியது மழையா அது! கரண்ட் போய்விட்டது. மின்னல் வெட்டும்போதெல்லாம் கதவிடுக்கில் என் நெல் குவியல் இருக்கிறதா என்று பார்த்தேன். ‘சாமி, சாமி’ என்பதைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. மழை விட்டதும் ஓடிப்போய்ப் படுதாவைத் தூக்கிக் கையை விட்டேன். உள்ளே நெல் சூடாக, பொலபொலவென்று இருந்தது. அடியில் ஒரு விரல்கடை மட்டும் ஈரம். ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். வருஷத்துச் சோறு தப்பித்தது.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். போகவில்லை. மறுநாள் காலையில் அவள் வீட்டுக்காரர்தான் எடுத்தார்.

“எங்க நெல்லு பூட்ச்சும்மா,” என்றார். “எல்லாம் ரோட்ல அடிச்சிக்கினு பள்ளத்துக்குப் பூட்ச்சு.”

“எப்டிண்ணே? உங்களுக்குத்தான் மொதல்ல தெரியுமே!”

“எங்கூட்ல போன் டவரு எடுக்காது, தெரியுமில்ல? மோட்டார் கொட்டாயாண்டதான் எடுக்கும். அவ அங்க போயி நின்னுக்கினா. வாடி, வந்து தள்ளுடின்னு நான் கத்தறேன். இருய்யா, அவ போனே எடுக்க மாட்றா, அது எந்தம்பி துன்ற சோறுன்றா. நான் ஒண்டி ஆளு எவ்ளோ தள்ளுவேன்?”

அப்போதும் பாருங்கள், என் புத்தி எங்கே போனது என்று. பங்கு கேட்கத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. மாடு கத்துகிறது என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நெல்லை இன்னும் ஒரு வெயில் காட்டி, நல்ல மூட்டையாக ஒன்று பொறுக்கிக் கட்டி, ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். வாசலில் குந்திக்கொண்டு, பள்ளத்திலிருந்து வாரிய, முளைத்துப்போன நெல்லை முறத்தில் அள்ளி மாட்டுத் தொட்டிக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். புளித்த வாடை தெருமுனை வரை அடித்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“இன்னாத்துக்கு இது?”

“நெல்லு அண்ணி. உனக்குத்தான்.”

வா என்று சொல்லவில்லை, உட்கார் என்று சொல்லவில்லை. மூட்டை வாயை அவிழ்த்தாள். மேலாக இருந்ததைத் தொடவே இல்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, முகர்ந்து, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தாள். அப்புறம் மறுபடியும் கையை விட்டு, இந்தத் தடவை மூலையில் துழாவினாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“காஞ்ச நெல்லுதான் அண்ணி! ஈரத்தக் கொண்டாந்தா உன் தலையில கட்டுவேன்? எம்மேல அவ்ளோகூட நம்பிக்க இல்லியா?”

கையை மூட்டைக்குள்ளிருந்து எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னிக்கு மொத போன் அடிச்சப்ப எங்க நெல்லும் இதே மாதிரி காஞ்சிதான் கெடந்துச்சு. நீ அப்பவே எடுத்திருந்தா நானும் போயி வாரியிருப்பேன். நீ நம்புனியா?”

அவள் கையை எடுக்கும் வரை நின்றேன். பிறகு மூட்டை வாயை நானே கட்டி, நானே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன்.