உமரி காட்டிய சிவப்பு

“அத்தா மவுத்தாயிட்டாங்க மேடம்.” போனில் காதர் பாயின் மகள் சொன்னது அவ்வளவுதான். மரக்காணம் வட்டாரத்தில் எங்கள் செயற்கைக்கோள் படங்களைத் தரையில் நடந்து சரிபார்த்தவர் பாய். சனிக்கிழமை காலமானார்.

பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். படத்தில் அதைச் சிவப்பாகக் காட்டுவோம். தண்ணீர் அந்த ஒளியை விழுங்கிவிடும், அது கறுப்பு. ஆழிப்பேரலைக்குப் பிந்தைய முதல் படத்தில் கறுப்பு ஊருக்குள் வந்திருந்தது. பாய் வெகுநேரம் பார்த்தார்.

“மனுஷன் எந்தக் கலர்ல வருவான் மேடம்?”

“வரமாட்டான் பாய். ஒரு புள்ளிக்குள்ள ஒரு வீடே அடங்கிடும்.”

“நல்லதாப் போச்சு” என்றார்.

அடுத்த மழைக்குப் பிறகு, அலையில் உப்பு நீர் ஏறிய நிலங்களைப் பட்டியலிட்டோம். நிவாரணம் அதை வைத்துத்தான். உப்பளத்தை ஒட்டிய கொல்லைகள் நல்ல சிவப்பாக இருந்தன.

“ரெண்டு நாள் குடுங்க, பாத்துட்டு வர்றேன்.”

“இவ்ளோ சிவப்பா இருக்குது. பயிர்தான் பாய். வேற என்ன?”

அவர் போனார். நான் காத்திருக்கவில்லை, ‘பாதிப்பில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து என் மேசையில் ஒரு கொத்துச் செடியை வைத்தார்.

“மென்னு பாருங்க.”

உப்புக் கரித்தது. உமரி. உப்பில் மட்டுமே செழிக்கும் செடி.

“செல்லம்மா கொல்லை பூரா இதான். மல்லாட்ட போட்ட எடம் மேடம் அது.” நிலக்கடலை விளைந்த மண்.

திருத்தம் கேட்டு அவரே மனு எழுதினார், மூன்று முறை. அதில் தவறு யாருடையது என்று எழுதவில்லை. பட்டியல் மாறவில்லை. செல்லம்மா உப்பளக் கூலிக்குப் போனார்.

பாயின் துக்க வீட்டில் செல்லம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதங்கள் உப்பில் வெடித்திருந்தன.

“பாய் சொல்லுவாரு, படம் ஏமாத்திடுச்சுன்னு. நீ இன்னாம்மா பண்ணுவ?”

நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து அந்தத் தலையாட்டல் என்னைத் தூங்க விடவில்லை.

பாய், படம் யாரையும் ஏமாற்றவில்லை. உயிருள்ள இலை என்றது, இருந்தது. பயிர் என்றது நான். நான்காவது மனுவில் அதை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். எனக்காக நீங்கள் சொன்ன பொய்யை இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. நிம்மதியாகப் போங்கள்.