முட்டை வாங்கிய சித்தப்பா

காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு டீச்சர் வேலைக்குச் சித்திக்கு ஆர்டர் வந்தபோது, அவள் கல்யாணமாகி உத்திரமேரூர் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்கு அண்ணனான என் அப்பாதான் வீட்டில் முடிவு சொல்லுகிறவர். "பந்து அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். சித்தி கல்லூரியில் டென்னிஸ் ஆடியவள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

"ஒரு வாட்டி பாத்துட்டு சொல்லுண்ணா," என்றார் சித்தப்பா.

ஞாயிற்றுக்கிழமை, நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, குறுக்கே ஒரு மீன்வலையைக் கட்டினார்கள். தெருவே கூடிவிட்டது. பந்து வலையைத் தாண்டிக் கோட்டுக்குள் விழ வேண்டும், இரண்டாம் தடவை தரையில் குதிப்பதற்குள் திருப்பி அடிக்க வேண்டும் என்று சித்தி விளக்கினாள். ஆதியில் பிரான்சு தேசத்தில் மட்டையே கிடையாதாம், உள்ளங்கையால்தான் அடித்தார்களாம். அவளை எதிர்த்து ஆட முன்வந்தவர் சித்தப்பா. அவருக்கு வாலிபால்கூட வராது.

எண்ணிக்கை சொல்லும் பொறுப்பு எனக்கு. முதல் புள்ளிக்குப் பதினைந்து, அடுத்ததற்கு முப்பது, பிறகு நாற்பது. ஒன்றுமே எடுக்காதவருக்கு 'லவ்'. நான் பெருங்குரலில் "பதினைந்து லவ்!" என்றதும் களத்தோரம் போட்டிருந்த கட்டிலிலிருந்து அப்பா எழுந்துவிட்டார்.

"இன்னாடி பேசிக்கினுகீற?"

"அது சைபர், மாமா," என்றாள் சித்தி அவசரமாக. "பிரெஞ்சுல முட்டைக்கு ஏதோ ஒரு பேரு. அதுதான் லவ்வாயிடுச்சுன்னு சொல்லுவாங்க."

"அப்ப முட்டைன்னே சொல்லு," என்று எனக்கு உத்தரவிட்டு அப்பா உட்கார்ந்தார்.

அதன்பிறகு களம் முழுக்க முட்டைதான். பந்து ஒரு பக்கம் போக, சித்தப்பா இன்னொரு பக்கம் ஓடினார். ஒருமுறை வலையில் கால் மாட்டி விழுந்தார். நான் "நாற்பது முட்டை!" என்னும்போதெல்லாம் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்திக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது; பந்தை மெதுவாகத் தட்டிவிட்டாள்.

"ஒயுங்கா அடி," என்று சித்தப்பா அதட்டினார்.

அடுத்த பந்து கோட்டின் நுனியில் பட்டுச் சீறிக்கொண்டு போனது. அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டு, கட்டிலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் சித்தியைப் பார்த்து, "காஞ்சிபுரத்துக்குக் காலைல எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டார்.

அன்று முழுவதும் நான் சித்தப்பாவோடு பேசவில்லை. சிராய்த்த முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு அவர் பாடிக்கொண்டிருந்தார். ஊரே பார்க்க ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்ற மனிதருக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவேயில்லை.