ஆறு பை உடுப்பு

போன மாரியில் வெள்ளம் வடிந்த கிழமை அது. ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்துக்கு மாற்றுடுப்பு இல்லை என்று நான் வேலை செய்யிற கந்தோரில் உடுப்புச் சேர்த்தார்கள். திருகோணமலை துறைமுகத்துக்குக் கிட்டத்தான் எங்கள் கந்தோர். மற்ற ஆட்கள் ஒரு பை, ரெண்டு பை. நான் ஆறு பை கட்டினன். உள்ளுக்குள் பெருமைதான், ஏன் மறைப்பான்.

எல்லாம் பேஸ்புக் லைவில் வாங்கினது. வேலை முடிஞ்சு களைச்சு வந்து, பிளேன்டீயோடு போனைத் திறந்தால், ரெண்டு எடுத்தால் ஒன்று சும்மா என்று கத்துவார்கள். கை தன்பாட்டில் அமத்தும். ஒருக்காத் தோய்ச்சால் தொய்ஞ்சு போகும். சிலதை உடுத்ததே இல்லை. அலுமாரி சாத்த ஏலாது, ஆனால் வெளிக்கிடும்போது உடுக்க ஒன்றுமில்லை என்று வீட்டுக்காரரோடு சண்டை. வெள்ளத்தைச் சாட்டி அலுமாரி ஒதுங்கினது நல்லது என்றுகூட நினைச்சன். என்னை என்னத்தால் அடிக்கிறது!

பைகளைக் குடுக்க நானும் கூடப் போனன். பள்ளிக்கூடத்தில் ஒரு தாய், பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட இருக்காது, வீட்டில் போடுற தொளதொளச் சோட்டி ஒன்று ஈரமாய் ஒட்டிக்கிடக்க நின்றா. கைக்குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"பால் குடுக்கிற மாதிரி ஒன்று இருந்தால் தாங்கோ அக்கா."

ஓம், இருக்கும் என்று முதல் பையை அவிட்டன். ஒன்றுக்குக் கழுத்து நெரிக்கும். ஒன்றுக்கு முதுகில் சிப். ஒன்றுக்குத் தோளில் ஓட்டை, அதுதான் பாஷனாம். இன்னொன்றைத் தூக்கினால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியுது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா ஒன்றை விரிச்சுப் பார்த்து, "இது பெரிய ஆளுக்கோ, சின்னப் பிள்ளைக்கோ?" என்று கேட்டா. பகிடி இல்லை, உண்மையாகத்தான் கேட்டா. பிள்ளையின் அழுகை நிற்கவில்லை. நான் மற்றப் பைகளையும் ஒவ்வொன்றாக அவிட்டன்.

ஆறாவது பையில் முன்னுக்குப் பொத்தான் வைச்ச ஒன்று கிடைச்சுது. அப்பாடா என்று குடுத்தன். அவ கரும்பலகைக்குப் பின்னால் போய்ப் போட்டா. கொஞ்ச நேரத்தில் டர்ரென்று சத்தம். பொத்தான் வெறும் அலங்காரமாம், திறக்காது. பால் குடுக்கத் தூக்கினதும் கக்கத்திலிருந்து இடுப்பு மட்டும் தையல் விட்டுப் போச்சு.

அவ திரும்பவும் அந்த ஈரச் சோட்டியையே மாட்டிக்கொண்டு வந்து, கிழிஞ்சதை மடிச்சு என் கையில் தந்தா. "அக்கா, கிழிச்சுப்போட்டன். குறை நினைக்காதேங்கோ." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து பிள்ளைக்குப் பால் குடுத்தா.

அடுத்த நாள் நல்ல பருத்திச் சோட்டி ரெண்டு வாங்கி அனுப்பினனான். லைவ் பார்க்கிறதை விட்டிட்டன் என்று சொன்னால் பொய். வாங்குறது குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாய் என்னட்ட மன்னிப்புக் கேட்க, நானும் பெரிய மனுசி மாதிரி "பரவாயில்லை" என்று சொல்லிப்போட்டு வந்தனே, அதை நினைச்சால் இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்னுது.