தும்மினால் கன்றும் இமைகள்

தும்மினேன், அவ்வளவுதான். கண்ணாடியைப் பார்த்தால் இரண்டு இமைகளும் நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தன. வலியே இல்லை. பவுடரை அப்பிக்கொண்டு பிஜியில் நாங்கள் குடியிருந்த நசினுவில் மினிபஸ் ஏறிப் பள்ளிக்குப் போனேன். கணக்கு டீச்சர் கன்றிய கண்ணோடு நின்றால் பிள்ளைகள் கரும்பலகையையா பார்ப்பார்கள்?

ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்த நேரம் அது. என் கணவர் சேகர் இன்ஜினீயர்; அவர் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தோம். அவருடைய முதலாளி கம்பெனியை மூடிவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். வேலையில்லாத புருஷன், கன்றிய கண்ணோடு பெண்டாட்டி. ஊர் வாய்க்கு வேறென்ன வேண்டும்? கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற மனிதரைப் பெண்டாட்டியை அடிக்கிறவராக ஆக்கிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு சலோச்சனா அக்கா பிஜியிலேயே பிறந்தவர். நியூசிலாந்துக்குக் குடிபெயர விண்ணப்பித்துக் காத்திருந்தார். ஒருநாள் வேலியருகே என்னை நிறுத்தினார்.

“மறைக்காத தங்கச்சி. வேலை போன ஆம்பள கை சும்மா இருக்காது. நீயும் எங்ககூட ஆக்லாந்து வந்துரு. இவன இங்கியே வுட்டுரு.”

“ஐயோ அக்கா! அவர் கொசுவ அடிக்கவே யோசிப்பாரு.”

“எல்லாரும் இப்பிடித்தான் சொல்றாளுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, சேகருக்கு வரவில்லை. இதற்குள் என் நகங்களும் கெட்டிருந்தன. நீள நீளமாக வரியோடி, நுனி பிளந்து, புடவை நூலில் மாட்டின. நாக்கு தடித்து ஓரத்தில் பல் பதிந்திருந்தது. கால் வீங்கிய பிறகுதான் தலைநகர் சுவாவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கிருந்த பெண் மருத்துவர் முதல் வேலையாக சேகரை வெளியே அனுப்பினார். “பயப்படாம சொல்லுங்க. வீட்ல அடிக்கிறாங்களா?”

“சத்தியமா இல்ல டாக்டர்.”

நகத்தையும் நாக்கையும் பார்த்தார். பிறகு என் கழுத்துத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் கிள்ளிய இடம் அதே நாவல்பழ நிறமானது. சேகரைக் கூப்பிட்டுக் காட்டினார். “இது நான் செஞ்சது. உங்களத் தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா இது நல்ல செய்தி இல்ல.”

வயிற்றுக் கொழுப்பை ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்ததில் நோய் உறுதியானது. அமைலாய்டோசிஸ் (உருமாறிய புரதம் உறுப்புகளில் படிந்து அவற்றைக் கெடுக்கும் நோய்). ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்ததால் தும்மினாலே கன்றியது. சிறுநீரகத்திலும் படியத் தொடங்கியிருந்தது. விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்கள்.

பஸ் நிறுத்தத்தில் சேகர் அழுதார். “நானே அடிச்சதா இருந்திருக்கக் கூடாதா கீதா? நிறுத்தியிருப்பேனே.”

சிகிச்சை சென்னையில், ஊசியும் மாத்திரையுமாக. வாந்தி, களைப்பு எல்லாம் பட்டேன். அதைவிட வலித்தது வேறொன்று. கன்றிவிடுமோ என்று சேகர் என்னைத் தொடுவதையே விட்டுவிட்டார். காபி டம்ளரைக்கூட மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்பார்.

அடிபடாமலே உங்கள் இமை கன்றினால் என்னைப் போல் பவுடர் பூசி மூடாதீர்கள். காரணம் சாதாரணமானதாகவும் இருக்கலாம், ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும். நான் பிழைத்தேன். ரத்தத்தில் அந்தப் புரதம் அடங்கியது, சிறுநீரகமும் தாக்குப்பிடித்தது. நசினுவுக்குத் திரும்பி மறுபடி கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நகத்தின் அடியில் வழவழப்பாகப் புது நகம் வந்தது. கெட்ட காலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் போட்டேன்.

அக்காவுக்கு விசா வந்தது. நாந்தி விமான நிலையத்தில் என்னை எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டார்.

“மெதுவா அக்கா, மெதுவா!” சேகர் பதறினார்.

“சும்மாரு தம்பி. உன்ன அன்னிக்கித் தப்பாச் சொல்லிட்டேன். இன்னிக்கு என் தங்கச்சியப் புடிச்சுக்கிறேன், வுடு.”

மறுநாள் காலை ரவிக்கையை விலக்கிக் கண்ணாடியில் தோளைப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை. அக்கா நிஜமாகவே போய்விட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, சேகரைக் கூப்பிட்டேன்.

“என்னங்க, இங்க வந்து கொஞ்சம் இறுக்கிப் பிடிங்களேன்.”