இரவல் போகாத தோணித் துணி

தோணிக்கு மூடுதுணி தைப்பது கஷ்டமில்லை. தைத்த துணி தோணியின் மேலேயே கிடக்கும்படி பார்ப்பதுதான் கஷ்டம். கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல வாய் வராத உங்களுக்கு இது விளங்கும். கல்முனைக்குடியில் கடற்கரைக்குக் கிட்ட என் தையல் கடை. என் கத்தரிக்கோலே மாதத்தில் பாதி நாள் இரவல் போய் வெளியில்தான்.

நீலப் படங்கு

மாரி தொடங்கிக் கடல் குழம்பினால் தோணிகளைக் கரையில் ஏற்றி மூடிவைப்பார்கள். பக்கத்தில் மீன்பிடிக்கும் சலீமுடையது மரத்தோணி. கலியாணத்தின்போது மாமனார் கொடுத்தது. வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. சலீம் மலிவான நீலப் பிளாஸ்டிக் படங்கை வாங்கி, காற்றும் நுழையாதபடி இறுக்கிக் கட்டினார். மாரி முடிந்து அவிழ்த்தால் உள்ளே கறுப்பாகப் பூஞ்சணம். ஒரு பலகை பெருவிரலால் அமத்தியதும் உள்ளே போனது. அதை மாற்றிய தோணித் தச்சர், எங்கள் ஓடாவி, இப்படியே நனைந்தால் அடிமரமும் உக்கும், பிறகு விறகுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிளாஸ்டிக் வியர்க்கும், அந்த ஈரம் வெளியே போக வழியில்லை என்று நான் விளக்கினேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் சலீம் நம்பவில்லை.

"மழை ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகல்ல காக்கா. அப்ப இந்தத் தண்ணி எங்கால வந்த?"

பச்சைக் கன்வஸ்

அடுத்த மாரிக்கு நான் தெரிவுசெய்தது மெழுகேற்றிய பருத்திக் கன்வஸ். மழையை உள்ளே விடாது. ஈரக்காற்றை வெளியே விடும். துணியைக் குழியாகப் பிடித்துக் கட்டி, தண்ணீர் ஊற்றி, நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். அடியில் ஒரு சொட்டும் இல்லை. ஓரத்தில் இரட்டைத் தையல், கயிறு கோக்க முப்பத்தாறு பித்தளைக் கண்கள்.

துணி நல்லது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் பள்ளிவாசலில் கந்தூரி விருந்துச் சமையலுக்கு மேலே கட்டக் கேட்டார்கள். அங்கிருந்து ஒரு கலியாண வீட்டுக்குப் போனது. அங்கிருந்து சலீமின் மச்சான் சவளக்கடை வயலுக்குக் கொண்டுபோய் நெல் மூட்டைகளை மூடினார். திரும்பி வந்தபோது கண்கள் முப்பத்தொன்று. கறி எண்ணெய் பட்ட இடங்களில் மெழுகு போய்விட்டது. அதுவரை தோணி மழையில் கிடந்தது. இன்னொரு பலகையும் உக்கியது. நான் கேட்டதற்கு, சட்டியால் தண்ணீர் இறைத்துக்கொண்டே சலீம் சொன்னார்:

"பள்ளிக்கி எப்பிடி இல்லண்டு சொல்ற? பள்ளிக்கிக் குடுத்தா மச்சானுக்கு எப்பிடி இல்லண்டு சொல்ற?"

ஜெஸீமா கேட்ட துணி

பிறகு சலீமின் மனைவி ஜெஸீமா கடைக்கு வந்தார். புருஷனைக் குறை சொல்லவில்லை. அவருக்கு இளகின மனம், அது மாறாது, துணியைத்தான் மாற்றவேண்டும் என்றார். நான் மூன்று தினுசுத் துணியை எடுத்துப் போட்டேன். ஒன்றையும் தொடவில்லை. வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்துக் கேட்டார்:

"காக்கா, ஊரில ஒருத்தரும் இரவல் கேக்காத துணி உங்கட்ட இரிக்கா?"

தோணியின் உருவம்

அப்படி ஒரு துணியை எந்த ஆலையும் நெய்யவில்லை. அதே இனக் கன்வஸில்தான் புதிதாக எடுத்தேன், கண்களும் அதே முப்பத்தாறு, வெட்டும் விதத்தை மட்டும் மாற்றினேன். தோணியை மூன்று தரம் அளந்து, முன்பக்கம் அணியத்தில் கூராக, பின்பக்கம் சதுரமாக, நடுவில் மழை வழிந்தோட உயர்த்தித் தைத்தேன். தரையில் விரித்தால் தட்டையாக விழாது.

மச்சான் கேட்டு வந்தார். சலீம் வழக்கம்போல ஓம் என்றார். மச்சான் மணலில் விரித்துச் சுற்றி நடந்தார். ஒரு மூலையை இழுத்தால் மறுமூலை எழும்பியது. கடைசியில் மடித்துக் கொடுத்துவிட்டார்.

"இது படங்கில்ல மச்சான். தோணிக்கு இடுப்பளவு எடுத்துத் தைச்ச களிசான்."

மாரி முடிந்த பிறகு

கடல் தணிந்து துணியை அவிழ்த்த நாள் நானும் போனேன். கண்கள் முப்பத்தாறும் இருந்தன. பலகைகளை வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தேன்; எல்லாம் கட்டி, எங்கும் விரல் இறங்கவில்லை. ஓடாவிக்கு வேலை இல்லை. ஆனால் தோணியை உடனே கடலில் இறக்க முடியவில்லை. உள்ளே பக்கத்து வீட்டுக்காரரின் சீமெந்து பதினான்கு பை, அதற்கு மேலே கலியாண வீட்டுக் கதிரைகள். ஜெஸீமா கதிரைகளை எண்ணினார். சலீம் என் பக்கம் திரும்பினார்.

"துணிய ஒருத்தரும் கேக்கல்ல காக்கா. உள்ளுக்கு இடமிரிக்காண்டுதான் கேட்டாங்க."

மழைக்குத் தோதான துணி எதுவென்று இப்போது எனக்குத் தெரியும், ஆனால் சலீமை மூடுவதற்கு எத்தனை முழம் வேண்டுமென்றுதான் இன்னும் அளந்து முடியவில்லை.