எர்த் துளையில் ஒரு சத்தே குச்சி

எங்கள் வீட்டுச் சமையலறையில், ப்ளக் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் நூல் கட்டி ஒரு சத்தே குச்சி தொங்கும். இறைச்சி கோத்துச் சுடுகிற அதே மூங்கில் குச்சிதான். சுவரில் இருக்கும் மூன்று துளைகளில் மேலே உள்ளது எர்த் துளை. அதற்குள் ஏதாவது நுழைந்தால்தான் கீழ்த் துளைகளின் மூடிகள் திறக்கும். பிள்ளைகள் ஆணியையோ கம்பியையோ விட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இரண்டு முள் ப்ளக்கை அதில் மாட்டவே முடியாது. ஆனால் நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்து லயத்தில் எல்லா வீட்டிலும் மாட்டினார்கள். குச்சியை மேல் துளையில் குத்தி, மூடி திறந்ததும் ப்ளக்கை அழுத்தி, குச்சியை உருவிக்கொள்வார்கள். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு நாங்கள் பத்து காஜா என்ற ஊரில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தோம். சாமி படங்களோடு குச்சியும் வந்தது. வந்த அன்றே அம்மா அதற்கு ஆணி அடித்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான். ஈப்போவில் மின்பொருள்களைச் சோதிக்கும் ஒரு லேப்பில் சேர்ந்தேன். கடைக்கு வரப்போகும் பொருளைச் சூடாக்கி, நனைத்து, தள்ளிவிட்டு, அளவுக்கு மீறிய மின்சாரத்தை ஏற்றி, அது யாரையாவது கொல்லுமா என்று பார்ப்பதுதான் வேலை. அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. "இவ்ளோ படிச்சிட்டு, புதுப் பொருள ஒடைக்கிற வேலையா பாக்குற?" என்று சிரிப்பார்.

அங்கேதான் லகாட் அக்கா வந்தார்; லகாட் என்பது அவருடைய ஊர். பாத்திக் கைலியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முறுக்குப் பிழியும் இயந்திரம். மின்னணுத் தொழிற்சாலையில் பல வருடம் ஈயம் பற்றவைத்தவர். தொழிற்சாலை மூடியதும் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு, லகாட்டில் ஒரு கொட்டகையில் இதைச் செய்யத் தொடங்கியிருந்தார். ஈப்போவின் புந்தோங் பகுதியில் முறுக்குப் பிழிந்தே மணிக்கட்டு வீங்கிப்போன பெண்கள் பலர் உண்டு; அவருடைய நாத்தனாரும் அவர்களில் ஒருவர். தீபாவளிக்கு முன்னால் வேண்டும் என்று பலர் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் எங்கள் சோதனையில் தேறி அங்கீகார ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒன்றைக்கூட விற்க முடியாது.

முதல் தடவை தேறவில்லை. இயந்திரத்தின் உடல் முழுக்க உலோகம். உள்ளே கம்பி நழுவி உடலைத் தொட்டால், மின்சாரம் எர்த் கம்பி வழியாகத் தரைக்கு ஓடிவிட வேண்டும். எர்த் கம்பி பிடிக்கும் திருகுக்கு அடியில் பெயிண்ட் இருந்ததால் அது சரியாகப் பிடிக்கவில்லை.

"தம்பி, நம்ம ஆளுதானே, கொஞ்சம் பாத்துப் போடுங்க லா."

"மின்சாரத்துக்கு நம்ம ஆளு தெரியாதுக்கா."

அவர் என்னை ஒரு கணம் முறைத்தார். "எங்க தப்புன்னு சொல்றீங்க. எப்படி சரி பண்றதுன்னு மட்டும் சொல்ல மாட்டீங்களா?"

"சோதிக்கிறவன் அதச் சொல்லக் கூடாதுக்கா. சொன்னா நான் செஞ்சத நானே சோதிக்கிற மாதிரி."

"நல்ல சட்டம்," என்று கைலியை எடுத்துச் சுற்றினார். "சுசாதான், ரொம்பக் கஷ்டம். பரவால்ல, வாரேன்."

வந்தார். பெயிண்டைச் சுரண்டி, வேறு திருகு போட்டு, எல்லாச் சோதனையிலும் தேறினார். அன்று லேப்பில் இருந்த அத்தனை பேருக்கும் முறுக்கு கிடைத்தது.

சில நாள் கழித்து மறுபடியும் வந்து நின்றார், கையில் எதுவும் இல்லாமல். இயந்திரத்தை நாத்தனார் வீட்டில் கொடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். நாத்தனார் பின்கட்டில், ஈரத் தரையில், வெறுங்காலோடு உட்கார்ந்துதான் பிழிவார். அங்கே ப்ளக் இல்லை. சமையலறையிலிருந்து ஒரு நீட்டிப்புக் கம்பியை இழுத்திருந்தார்கள். மலிவான கம்பி, அதன் முனையில் எர்த் முள் இல்லாத இரண்டு முள் ப்ளக்.

"அவ குச்சியால குத்தி மாட்டிட்டா தம்பி. என் எர்த்து அந்தக் கம்பியோடயே செத்துப்போச்சு. அவ ஈரக் கையோட மெஷின தொடுறா, நான் ஓடிப்போய் சுவிட்ச அணைச்சேன்."

"ஆனா நீங்க பாஸ் ஆயிட்டீங்கக்கா. தாராளமா விக்கலாம்."

"உங்க லேப்புல பாஸ். புந்தோங்குல?" என்றவர், திடீரென்று கேட்டார்: "உங்க வீட்டுல குச்சி இருக்கா?"

"இருக்குக்கா."

"பெறகு என்ன?"

தீபாவளிக்கு அதிக நாள் இல்லை. தயாராக இருந்த இயந்திரங்கள் கொட்டகையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது, தேறியதாக நான் கையெழுத்திட்டிருந்தேன். எர்த்தே இல்லாவிட்டாலும் தாங்குகிற பொருள் என்று ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டார். மேசையில் சோதனைக்கு வந்திருந்த முடி உலர்த்தியைத் திருப்பிக் காட்டினேன். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சாகியிருந்தது. மின்சாரத்துக்கும் மனிதக் கைக்கும் நடுவே இரட்டைக் காப்பு என்பதற்கான குறி அது. ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். அது எல்லோரும் படிக்கக் கிடைக்கும் விதி என்பதால் சொன்னேன். அதை எப்படிச் செய்வது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு அவர் ஒன்றும் விற்கவில்லை. சொல்லி வைத்திருந்த பெண்கள் திட்டியதாகக் கேள்விப்பட்டேன். நாத்தனார் வீங்கிய கையாலேயே பிழிந்தார். அக்காவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

தைப்பூசம் கழிந்து கைலி மூட்டை திரும்ப வந்தது. மோட்டாரைத் தடித்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்திருந்தார். மோட்டாருக்கும் பிழிகிற குழலுக்கும் நடுவே உலோகம் தொடாதபடி நைலான் இணைப்பு. இரட்டைக் காப்பைச் சோதிக்க ஏற்றும் மின் அழுத்தம் மிகக் கடுமையானது. காப்பு உடைந்தால் சோதனைக் கருவி அலறும். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முந்தானையைக் கடித்தபடி நின்றார். பொத்தானை அழுத்தினேன். நேரம் முடியும்வரை ஒரு சத்தமும் இல்லை.

"என்ன தம்பி, மெஷின் செத்துப்போச்சா? மூச்சக் காணோம்!"

"மூச்சு விடலன்னா பாஸ்க்கா."

அவர் குதிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொத மெஷின் என் நாத்தனாருக்கு. பேசாட்டியும் கொண்டுபோய் வச்சிட்டு வருவேன்," என்றார். அப்படியே செய்தாராம். மறுநாள் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு வேண்டும் என்று நாத்தனாரே போன் அடித்தாராம்.

அந்த வார விடுமுறையில் பத்து காஜா வீட்டுக்கு வயர்மேனை அழைத்துப் போனேன். எர்த்தைச் சரிபார்க்கச் சொன்னேன். பின்பக்கம் புது ப்ளக் போடவைத்தேன். எங்கள் வீட்டிலும் இருந்த இரண்டு முள் நீட்டிப்புக் கம்பியை அம்மா கண்ணெதிரே துண்டு துண்டாக வெட்டினேன். "புது வீட்ட ஒடைக்க வந்துட்டான்," என்றார் அம்மா. இன்றும் லேப்பில் ஒரு பொருளை எடுக்கும்போது விதிப்புத்தகத்துக்கு முன்னால் ஓர் ஈரத் தரை எனக்குத் தெரிகிறது. அங்கே நிற்கும் வெறுங்காலுக்காகத்தான் நான் பார்க்கிறேன். அதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நேற்று அம்மா லகாட் அக்காவின் இயந்திரத்தில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். எள் அடைத்து அச்சு நின்றது. சுவிட்சை அணைத்து, ப்ளக்கை உருவித் தரையில் வைத்துவிட்டு, சுவர் ஆணியை எட்டினார். நூலோடு வந்தது குச்சி. அச்சின் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தார்.

"அதத் தூக்கிப் போடலயாம்மா?"

"எதுக்கு? நல்ல குச்சி," என்று மாவைத் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டினார்.