துவக்கு மரத்தின் சூடு

சண்டைக் காலத்தில் ஊர்காவலுக்கென்று கொடுத்த துவக்கு அது. இப்போது யானை விரட்டுவதற்காக என் தோளில் தொங்குகிறது. யானை விரட்டுவதை வீரமான வேலை என்று மன்னார் டவுனில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வந்து பார்க்கட்டும். எங்கள் மறிச்சுக்கட்டி ஊர் வெயிலில் வரம்போரம் குந்தியிருந்து கொட்டாவி விடுகிற வேலை இது. களைத்துப் போனேன். விட்டுவிட்டுப் போகலாமென்றால் வேறு என்ன வேலை இருக்கிறது?

துவக்கின் குழலுக்கு மேலும் கீழும் மரம் போர்த்தியிருக்கும். இடது கையால் பிடிக்கிற இடம். பங்குனி மாதத்தில் இரும்பைத் தொட்டால் தோல் கழன்றுவிடும், ஆகவே மரத்தைத்தான் பிடிக்க வேண்டும். மரம் எப்படியும் சுடாது என்பது என் மச்சானின் எண்ணம். தங்கச்சியின் புருஷன் அவர். அகப்பைக் காம்பு எங்கேயாவது சுடுமா என்று கேட்டுச் சிரிப்பார். தொடர்ந்து இருபது, இருபத்தைந்து வெடி வைத்துப் பார்த்தால் தெரியும். இரும்பு சட்டென்று கொதித்துச் சட்டென்று ஆறும். மரம் பிந்தித்தான் சூடேறும், ஏறிய சூட்டை லேசில் விடாது.

போன போகம் மச்சானின் வயல் மட்டும்தான் எங்கள் பக்கத்தில் நன்றாக விளைந்திருந்தது. தங்கச்சி அடகு வைத்த நகைகள் எல்லாம் அந்த நெல்லுக்குள்தான் கிடந்தன. நெல் அறுக்கிற வெட்டு மெசின் அடம்பன் ஊரில் நின்றது. அங்கே வெட்டி முடித்து இங்கே வர இரண்டு நாளாகும் என்றார்கள். அந்த இரண்டு நாளுக்குள்தான் கொம்பில்லாத ஒரு கிழட்டு யானை காட்டை விட்டு இறங்கியது. அதுவும் பின்னேர அஸர் தொழுகை முடிந்த கையோடு, பட்டப்பகலில்.

கந்தோரில் அதிகாரி எண்ணித் தந்த யானைவெடிப் பட்டாசுகள் முதல் கால் மணி நேரத்திலேயே முடிந்துவிட்டன. காதைக்கூட ஆட்டவில்லை அது. பிறகு துவக்கை எடுத்தேன். வானத்துக்குத்தான் வைக்கலாம், அதுதான் சட்டம். வைத்தேன். ஒவ்வொன்றாக, இடைவிடாமல். வானத்துக்கு வைக்கிற வெடி தன்னை ஒன்றும் செய்யாது என்று அந்தச் சனியனுக்கு நன்றாகத் தெரியும். கதிரைத் தும்பிக்கையால் சுருட்டி, மண்ணை உதறி, நிதானமாகத் தின்றது. வேட்டைக்காரர் பொறியாகக் கட்டிவைத்த கட்டுத்துவக்கு வெடித்து முன்காலில் உண்டான பழைய புண்ணிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. மூன்று காலில்தான் நின்றது. அதுவும் என்னைப்போலக் களைத்துப்போய்த்தான் இருந்தது.

தங்கச்சி வரம்பில் நின்று முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் என் காதருகே வந்து சொன்னார்.

"வானத்துக்கு வச்சது காணும், போதும் மச்சான். ஒண்டே ஒண்டு, நெத்தியப் பாத்து வையுங்கோ. நாங்க ஆருக்கும் சொல்லமாட்டம்."

துவக்கின் குழலை யானைப் பக்கம் இறக்கினேன். பொய் சொல்லவில்லை, இறக்கினேன்தான். நெற்றி குறிக்கு நேராக வந்தது. அந்தத் தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் தவறாது. யானையைச் சுட்டால் வேலை போகும், மறியலில் கம்பி எண்ணவும் வேண்டும். முதலில் வந்தது அந்தப் பயம். இரக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. மரத்துக்குள் ஏறிய சூடு உள்ளங்கையில் தெரிந்தது. வார்னிஷ் கருகிய மணம் வந்தது. சூடுதான், ஆனால் பிடிக்க முடியாத சூடில்லை.

"மரம் சுடுது" என்று சொல்லித் துவக்கைக் கீழே போட்டேன்.

மச்சான் அதை எடுக்கக் குனிந்தார். நான் காலை வைத்து மிதித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொழுது இறங்கி மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் யானை தின்றது. தின்றதைவிட மிதித்தது அதிகம். பாதி வயல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி 'நானா' என்று என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினாள். பற்பசையை எடுத்துக்கொண்டு வந்து கையைக் காட்டச் சொன்னாள். மறுக்க வழியில்லாமல் விரித்தேன். உள்ளங்கை கொஞ்சம் சிவந்திருந்தது. கொப்புளம் ஒன்றும் இல்லை. லாம்பு வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்கு உயிர் போனது. வெளியே மச்சான் கிணற்றடியில் கால் கழுவுகிற சத்தம் கேட்டது.

அவள் பற்பசையைப் பிதுக்கி உள்ளங்கை முழுக்க அப்பினாள். பழைய சாரத் துணியைக் கிழித்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை சுற்றி, பெரிய காயத்துக்குக் கட்டுவதுபோல இறுக்கி முடிச்சுப் போட்டாள். விரலை மடக்கித் துவக்குப் பிடிக்க வழியில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நாளைக்கும் அது வரும் நானா. நீங்க இந்தக் கட்டோடயே வாங்கோ."